பாத்ரூம் பூஞ்சை: துடைப்பதற்கு முன் ஒரு போட்டோ

குளிர்நாடு ஒன்றில் வாடகை வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் குளித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பாத்ரூம் கூரையின் மூலையில் மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள். நம்மில் பெரும்பாலோர் அன்றைக்கே பிளீச்சும் ஸ்பாஞ்சுமாக நாற்காலி மேல் ஏறித் தேய்த்துவிடுவோம். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று ஓனர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம்.

நானும் அதைத்தான் செய்தேன். தேய்த்து முடித்த பிறகு ஏஜென்டுக்குப் போன் போட்டேன். அவர் வந்து பார்த்தபோது கூரை பளிச்சென்று இருந்தது. "ஜன்னலைத் திறந்து வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றே வாரத்தில் புள்ளிகள் திரும்பி வந்தன. அப்போது என் கையில் போட்டோவும் இல்லை, நான் புகார் சொன்னதற்கு அத்தாட்சியும் இல்லை. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

அதனால் முதல் வேலை: கை வைக்காதீர்கள். தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்திலிருந்து ஒரு படம், பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து அளவு தெரிகிற மாதிரி ஒரு படம். ஜன்னல், ஃபேன், பக்கத்துச் சுவர் எல்லாம் தெரிய ஒரு சின்ன வீடியோ. அதற்குப் பிறகு துடைக்கலாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பூஞ்சை வித்துகள் எந்த வீட்டுக் காற்றிலும் இருக்கின்றன. அவை முளைக்குமா முளைக்காதா என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக ஈரம்தான். ஓனர் சரிசெய்ய வேண்டுமா, நாம் பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா என்பதும் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொறுத்ததுதான். சண்டை பூஞ்சையைப் பற்றியது போலத் தெரியும். உண்மையில் அது தண்ணீரைப் பற்றியது.

குளிர்நாட்டு வீடுகளில் அதிகம் பார்ப்பது காற்றின் ஈரம் சுவரில் படிவது. வெப்பமான ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும், ஏனென்றால் அங்கே சுவர் காற்றைவிட அவ்வளவு குளிர்ந்து நாம் பார்த்ததில்லை. அறைக்காற்று 20 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கண்ணாடியிலோ டைல்ஸிலோ நீர்த்துளி கோத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு அந்தத் துளிகூடத் தேவையில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொட்டு நாள்கணக்கில் நின்றாலே முளைத்துவிடும். அதே அறையில் சுவர் 15 டிகிரிக்கு இறங்கினால் அந்த நிலை வந்துவிடுகிறது. வெளிச்சுவரும் கூரையும் சேரும் மூலைதான் பெரும்பாலும் சுவரிலேயே குளிர்ந்த இடம். புள்ளிகள் முதலில் அங்கே தோன்றுவதும் அதனால்தான்.

கசிவின் முகம் வேறு. பழுப்பு மஞ்சளில் வளையம் வளையமாகக் கறை, பெயின்ட் கொப்புளித்து உரிவது, ஷவர் இருக்கும் சுவரின் மறுபக்கத்து அறையில் ஈரம், மழை பெய்த மறுநாள் மட்டும் பெரிதாகும் திட்டு என்று இருக்கும். தரையிலிருந்து கிளம்பி இடுப்பளவுக்கு ஏறி, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது நிலத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரமாக, அதாவது ஓதமாக, இருக்கலாம். ஜன்னல் திறந்து வைத்து இதையெல்லாம் குணப்படுத்த முடியாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு எளிய சோதனை. சுவரைத் துடைத்துக் காயவிட்டு, உள்ளங்கை அளவு அலுமினியத் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். அறையைப் பார்த்த பக்கம் ஈரமானால் காற்றின் ஈரம். சுவரைத் தொட்ட பக்கம் ஈரமானால் சுவருக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. நீதிமன்றத்தில் செல்லுபடியாகும் ஆதாரம் இல்லைதான். ஆனாலும் எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நமக்குத் தெளிவாகிவிடும். தண்ணீர் மீட்டர் உங்கள் கண்ணுக்கு எட்டும் இடத்தில் இருந்தால், எல்லாக் குழாயையும் மூடிவிட்டு அது நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது.

டைல்ஸ் இடுக்கிலும் ஷவர் திரையின் அடியிலும் ரோஸ் நிறத்தில் வழவழவென்று படிவதைப் பூஞ்சை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது பெரும்பாலும் பாக்டீரியா. சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும், அதற்கெல்லாம் ஓனரைக் கூப்பிட வேண்டாம்.

சத்தம் போடும் ஃபேன் காற்றை இழுக்கிறது என்று அர்த்தமில்லை

என் வீட்டில் கடைசியில் கண்டுபிடித்த காரணம் இது. எக்ஸாஸ்ட் ஃபேன் நன்றாக இரைந்துகொண்டிருந்தது. கூரைக்கு மேலே அதன் குழாய் கழன்று கிடந்தது. குளித்த ஆவியெல்லாம் வெளியே போகாமல் கூரைக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. சரிசெய்ய வந்தவர் இறுக்கி மாட்டிவிட்டுப் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டார். அதுவரை ஐந்து மாதம் நான் ஜன்னலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு டிஷ்யூ தாளை ஓடும் ஃபேன் மேல் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் ஏதோ இழுக்கிறது. விழுந்தால் இழுக்கவில்லை. முதலில் முகப்பில் அடைந்திருக்கும் தூசியைத் துடைத்துப் பாருங்கள், அது நம் வேலை. அப்படியும் விழுந்தால் ஓனரின் வேலை. ஒட்டிக்கொண்டாலும் முழு நம்பிக்கை வேண்டாம். என் ஃபேனிலும் தாள் ஒட்டத்தான் செய்தது. வெளிச்சுவரில் காற்று வெளியேறும் ஓட்டை எங்கே என்று தேடி, அங்கே காற்று வருகிறதா என்று பார்த்தால்தான் முழுக் கதையும் தெரியும். கதவுக்கு அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். உள்ளே வரக் காற்று இல்லாவிட்டால் வெளியே தள்ளவும் காற்று இருக்காது.

குளிக்கத் தொடங்கும்போதே ஃபேனைப் போட்டு, முடித்த பிறகு 15, 20 நிமிஷம் ஓடவிடுங்கள். கதவை மூடி வையுங்கள், இல்லையென்றால் ஆவி படுக்கையறைச் சுவரைத் தேடிப் போய்விடும். டைல்ஸிலும் கண்ணாடியிலும் நிற்கும் தண்ணீரை வழித்துவிடுவது ஒரு நிமிஷ வேலை, பலன் அதிகம்.

"வெளியே மழை பெய்கிறது, ஜன்னலைத் திறந்தால் ஈரம்தானே உள்ளே வரும்?" என்று கேட்பார்கள். குளிர்காலத்தில் அப்படி இல்லை. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் வரை நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. வெளியிலிருந்து வரும் குளிர்காற்று எவ்வளவு நசநசவென்று தோன்றினாலும், உள்ளே வந்து சூடானதும் அது வறண்ட காற்று. அதனால் ஜன்னலை நாள் முழுக்க ஒரு விரல் அளவு திறந்து வைத்துச் சுவரைக் குளிரவிடுவதைவிட, ஐந்து பத்து நிமிஷம் அகலத் திறந்து மூடுவது மேல். ஜெர்மனியில் இதை வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதி வைக்கும் ஓனர்களும் உண்டு.

ஹீட்டரை ஒரேயடியாக அணைத்து வைத்துப் பணம் மிச்சம் பிடிப்பதும், மூடிய அறைக்குள் துணி காயப்போடுவதும் நம் பக்கத்துத் தவறுகள். ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் நல்லது. தினமும் அதன் எண்ணைக் குறித்து வைத்தால், பின்னால் "நீங்கள் காற்றோட்டம் செய்யவில்லை" என்று சொல்பவருக்கு அதுவே பதில்.

"உங்கள் வாழ்க்கைமுறைதான் காரணம்"

இந்த வாக்கியத்தை நீங்கள் ஒருமுறையாவது கேட்பீர்கள், அதுவும் வேற்று நாட்டவர் என்றால். இங்கிலாந்தின் ராச்டேலில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பெற்றோர் சூடானிலிருந்து வந்தவர்கள். வீட்டுப் பூஞ்சையைப் பற்றி முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நீண்டநாள் பூஞ்சைக்கு ஆட்பட்டதால் வந்த சுவாசக் கோளாறே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணையில் முடிவானது. குடும்பத்தின் வாழ்க்கைமுறையைப் பற்றித் தாங்கள் தவறாக அனுமானித்துவிட்டதாக வீட்டை வாடகைக்கு விட்ட அமைப்பு பின்னர் ஒப்புக்கொண்டது. அந்தக் குழந்தையின் பெயரில் வந்த சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் அங்கே சமூக வாடகை வீடுகளுக்கு (நகராட்சியோ வீட்டுவசதி அமைப்போ குறைந்த வாடகைக்கு விடும் வீடுகள்) நடைமுறைக்கு வந்தது: அவசர ஆபத்தென்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை, உடல்நலத்தைக் கணிசமாகப் பாதிக்கும் ஓதம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளுக்குள் ஆய்வு.

குற்றம் சாட்டுகிற தொனியில் யாராவது பேசினால் பதறி மன்னிப்புக் கேட்காதீர்கள். "ஃபேன் சோதித்தீர்களா? குழாய் பார்த்தீர்களா? சுவரின் ஈரத்தை அளந்தீர்களா?" என்று மட்டும் கேளுங்கள்.

பொறுப்பு எப்படிப் பிரிகிறது என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் கூரை, சுவர், குழாய், கழிவுநீர், பொருத்தி வைத்த ஃபேன், ஹீட்டர் எல்லாம் ஓனருடையது, அன்றாடச் சுத்தமும் காற்றோட்டமும் நம்முடையது என்ற கோடு பல நாடுகளில் பொது. இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கட்டடத்தையும் குழாய்களையும் ஓனர் தலையில் வைக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவில், குறை இருப்பது தெரிந்தே நீங்கள் குடிவந்திருந்தாலும் பராமரிப்பு ஓனரின் கடமைதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கட்டட அமைப்பால் வரும் பூஞ்சை அவசரப் பழுதுப் பட்டியலில் இருக்கிறது.

ஜெர்மனியில் ஒரு கத்தி இருபக்கமும் வெட்டும். குறை இருக்கும் காலத்துக்கு வாடகை குறைய சட்டம் இடம் தருகிறது. குறையை உடனே தெரிவிக்காமல் விட்டு அது பெரிதானால் அந்த நஷ்டத்தை வாடகைதாரரிடம் கேட்கவும் இடம் தருகிறது. சும்மா இருப்பது எந்த நாட்டிலும் நமக்கு எதிராகத்தான் திரும்பும்.

கோபத்தில் வாடகையை நிறுத்தாதீர்கள். இங்கிலாந்திலும் ஒன்டாரியோவிலும் வாடகை பாக்கி வீட்டைக் காலிசெய்யச் சொல்லும் நடவடிக்கைக்கு வழி திறந்துவிடும். ஜெர்மனியில்கூட எவ்வளவு குறைக்கலாம் என்பதை வாடகைதாரர் சங்கத்தில் கேட்டபிறகே செய்யுங்கள்.

எப்படி எழுதுவது

போனில் சொன்னாலும் அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். உள்ளூர் மொழி சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை, சின்ன வாக்கியம் போதும். அதில் இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"இந்த மாதம் 4ஆம் தேதி பாத்ரூம் கூரையின் இடது மூலையில் பூஞ்சை பார்த்தேன். அளவு சுமார் 40 சென்டிமீட்டர். படங்கள் இணைத்துள்ளேன். தினமும் ஃபேன் போடுகிறோம், குளித்தபின் ஜன்னல் திறக்கிறோம். ஃபேன் சரியாக இழுக்கவில்லை என்று தோன்றுகிறது. காரணத்தைக் கண்டறிந்து சரிசெய்ய ஆள் அனுப்புங்கள். எந்தத் தேதியில் வருவார் என்று 7 நாளுக்குள் தெரிவிக்கவும்."

கடைசி இரண்டு வரி முக்கியம். பூஞ்சையை நீக்கச் சொல்லாதீர்கள், காரணத்தைக் கண்டறியச் சொல்லுங்கள். நீக்கச் சொன்னால் மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்துப் பூசி மெழுகிவிட்டுப் போவார்கள். வசந்தம் முடிவதற்குள் அது பெயின்டைத் துளைத்துக்கொண்டு வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவரோ கைக்குழந்தையோ இருந்தால் அதையும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே நினைவூட்டல் அனுப்புங்கள், புதிதாகத் தொடங்க வேண்டாம். அதற்கும் அசையாவிட்டால் நகராட்சி வீட்டு ஆய்வாளர், வாடகைத் தீர்ப்பாயம், வாடகைதாரர் சங்கம் என்று அந்தந்த நாட்டில் வழி இருக்கிறது.

துடைக்கும்போது

ஒரு சதுர மீட்டருக்குக் குறைவான திட்டு என்றால் நாமே துடைக்கலாம். அதற்கு மேலே போனால், அல்லது சுவர்ப் பலகை மெத்தென்று அமுங்கினால், விட்டுவிடுங்கள். கையுறை, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். காய்ந்த நிலையில் தேய்த்தால் வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். முதலில் ஈரத்துணியால் ஒற்றிவிட்டுச் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். டைல்ஸ், கண்ணாடிக்கு இதுவே போதும்.

பிளீச்சோடு வினிகரையோ, உப்புக்கறை நீக்கும் அமில திரவத்தையோ சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள கிளீனரோடு சேர்த்தாலும் விஷவாயுதான். மூடிய சின்ன பாத்ரூமில் இது விளையாட்டல்ல.

தொட்டியைச் சுற்றியிருக்கும் சிலிகான் உள்ளேயே கறுத்துவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். அது யார் செலவு என்பதில்தான் அதிகத் தகராறு. குடிவந்த அன்றே சிலிகானைப் படம் எடுத்து வைத்தவர்களுக்குத் தகராறு சீக்கிரம் முடிகிறது. அந்தப் படங்களை, குடிவரும்போது வீட்டின் நிலையைக் குறித்த பட்டியலோடு ஏஜென்டுக்கு அனுப்பி வையுங்கள், டெபாசிட் திரும்பும் நாளில் தேவைப்படும்.

இன்னும் வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு: சட்டைப்பையில் ஒரு டிஷ்யூ வைத்துக்கொண்டு போங்கள். ஏஜென்ட் சமையலறையைக் காட்டிக்கொண்டிருக்கும்போது பாத்ரூம் ஃபேனில் அதை வைத்துப் பாருங்கள். கூரையில் ஒரு மூலை மட்டும் புதுப் பெயின்டாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.