பந்தய நாளில் உடம்பு சரியில்லை என்றால்: ஓடுவதா, நிற்பதா?

நான்கு மாதங்கள் விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்து, ஓட்டக்காரரின் எண் அச்சிட்ட பிப் அட்டையைச் சட்டையில் ஊக்கு குத்தி நாற்காலியில் மாட்டி வைத்த பிறகு, சனிக்கிழமை மாலையில் தொண்டை கரகரக்கத் தொடங்கினால் என்ன செய்வது? சென்னையில் ஓடுபவர்களுக்கு இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரங்களில் நடப்பதால், நீண்ட தூரப் பயிற்சிகள் அனைத்தும் வடகிழக்குப் பருவமழையோடும், வீட்டுக்கு ஒருவர் சளியிலோ காய்ச்சலிலோ படுத்தெழும் நாட்களோடும் சேர்ந்தே வருகின்றன.

முடிவை வீட்டிலேயே, படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஒலிபெருக்கியும் நண்பர்களின் ஆரவாரமும் சூழத் தொடக்கக் கோட்டில் நிற்கும்போது எந்த உடம்பும் நன்றாக இருப்பதுபோலத்தான் தோன்றும். அதற்கு இரண்டு அளவுகள் கையில் இருக்க வேண்டும்: உடல் வெப்பம், ஓய்வு நிலையில் நாடித்துடிப்பு. பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு, கண் விழித்ததும் படுத்தபடியே கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணிக் குறித்து வாருங்கள். வழக்கமாக 58 இருப்பவருக்கு அன்று 70 காட்டினால், உடல் வேறொரு வேலையில் இறங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். பந்தயப் பதற்றத்தால் நான்கைந்து துடிப்புகள் கூடுவது இயல்பு. பத்துக்கு மேல் கூடினால் அதைப் பதற்றத்தின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

தெர்மாமீட்டரைப் பொறுத்தவரை ஒரே எச்சரிக்கை: பாராசிட்டமால் போட்டுவிட்டுப் பார்க்கக் கூடாது. நான் ஒருமுறை அரை மாரத்தானுக்கு முந்தைய இரவு உடம்பு கனகனவென்று இருக்க, 650 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டுப் படுத்தேன். அதிகாலை மூன்று மணிக்கு இன்னொன்றையும் போட்டுக்கொண்டு, அரை மணி கழித்துப் பார்த்தபோது 98.4 காட்டியது. அந்த எண்ணை நம்பிப் புறப்பட்டேன். பதினான்காவது கிலோமீட்டரில், வெயில் ஏறிக்கொண்டிருந்த சாலையில், என் முழங்கைக்குக் கீழே மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. குளிர் காலத்து வீட்டுத் தரையில் வெறுங்காலோடு நிற்பதுபோல நடுங்கினேன். தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் என்னைச் சாலைத் தடுப்பில் உட்கார வைத்துத் தலையில் நீர் ஊற்றினார். அதன் பின் மூன்று வாரம் இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்கியது. மாத்திரை காய்ச்சலை மறைக்குமே தவிர, காய்ச்சலுக்குக் காரணமான நோயைப் போக்குவதில்லை என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. ஆகவே, மாத்திரை ஏதுமின்றி ஒரு முழு நாளாவது காய்ச்சல் இல்லாமல் இருந்திருந்தால் மட்டுமே ஓடுவதைப் பற்றி யோசியுங்கள்.

ஓட்டக்காரர்களிடையே வெகுகாலமாகப் புழங்கிவரும் கழுத்து விதியும் இங்கே உதவும். மூக்கொழுகல், தும்மல், இலேசான தொண்டைக் கரகரப்பு என எல்லாம் கழுத்துக்கு மேலேயே இருந்தால் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். நெஞ்சுச் சளி, ஆழமான இருமல், மூச்சிரைப்பு, வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பு வலி ஆகியவற்றுள் எது இருந்தாலும் ஓடக் கூடாது. காய்ச்சலோ எச்சில் விழுங்க முடியாத தொண்டை வலியோ இருந்தாலும் அப்படியே. மழைக்காலத்து டெங்குவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரையிலான கட்டமே அந்த நோயில் ஆபத்தானது என்பதால், வெப்பம் தணிந்ததைக் குணமாகிவிட்டதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணங்கள் சொல்வேன். சாதாரணச் சளிக் காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்களில் சில, சிலருக்கு இதயத் தசையிலும் அழற்சியை ஏற்படுத்துகின்றன. அந்த நிலையில் இதயத்தைக் கடுமையாக வேலை வாங்குவது, அதுவரை எந்தக் குறையும் இல்லாத இளைஞருக்கும் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிரைப் பறிக்கக்கூடியது. அடுத்தது வெப்பம். ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் நம்மை முன்னே நகர்த்துகிறது. மிச்சம் முழுவதும் சூடாக மாறி, வியர்வை உலர்வதன் மூலமே பெரிதும் வெளியேறுகிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் ஜனவரியிலும் வியர்வை சட்டையை நனைக்குமே தவிர எளிதில் உலராது. அந்தச் சுமையோடு காய்ச்சலும் சேர்ந்தால் உடல் எங்கே போய்த் தணியும்?

“ஒலிம்பிக்கில் கோவிட்டோடு ஒருவர் ஓடிப் பதக்கம் வாங்கினாரே” என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் இறுதியில் அமெரிக்க ஓட்டக்காரர் நோவா லைல்ஸ் 19.70 வினாடியில் ஓடி வெண்கலம் வென்றார். ஓடி முடித்தவரைச் சக்கர நாற்காலியில்தான் அழைத்துச் சென்றார்கள் என்பதையும், அடுத்து வந்த தொடரோட்டத்தில் அவர் ஓடவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இருபது வினாடிக்கே அந்த நிலை என்றால், நான்கைந்து மணி நேரம் ஓடும் நமக்கு அந்த முன்னுதாரணம் பொருந்தாது.

மருந்துகளில் வலி நிவாரணிகளை, குறிப்பாக இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் ஆகியவற்றை, ஓட்டத்துக்கு முன்போ ஓட்டத்தின் நடுவிலோ எடுக்க வேண்டாம். நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும், வயிற்றையும் புண்ணாக்கும். டெங்கு இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அவற்றைத் தொடவே கூடாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் அப்போதைய உலக சாதனையாளரான பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃப் ஏறத்தாழ 36 கிலோமீட்டரில் ஓட்டத்தைக் கைவிட்டதற்கு, கால் காயத்துக்காக எடுத்த அழற்சி தணிக்கும் மருந்துகள் வயிற்றைக் கெடுத்ததே காரணம் என்று அவரே பின்னர் கூறினார். சளி மாத்திரைகளில் பலவும் தூக்கம் வரவழைப்பவை. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்தோ இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களுக்குக் குதிகால் தசைநாண் அறுபடும் அபாயம் கூடுகிறது. மருந்து முடிந்த பிறகும் அது சில மாதங்கள் வரை நீடிக்கலாம் என்பதால், எப்போது மீண்டும் ஓடலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

எல்லாம் பார்த்த பின்பும், வெறும் மூக்கடைப்புதான் என்று உறுதியாகி ஓடப் போகிறீர்கள் என்றால், நேர இலக்கை அன்றைக்கு மறந்துவிடுங்கள். அமைப்பாளர்கள் அனுமதித்தால் முழு மாரத்தானிலிருந்து குறைந்த தூரத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் தொடங்கி, இரண்டாவது கிலோமீட்டர் முடிந்ததும் உங்களையே கேட்டுப் பாருங்கள். கால் கனத்தாலோ நாடி வழக்கத்தைவிட வேகமாக அடித்தாலோ அங்கேயே திரும்பிவிடுங்கள், ஏனென்றால் அந்த இடத்திலிருந்து வீட்டுக்குப் போவது முப்பதாவது கிலோமீட்டரிலிருந்து போவதைவிட எவ்வளவோ எளிது. ஆட்டோவுக்குப் பணமும் கைப்பேசியும் இடுப்புப் பையில் இருக்கட்டும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். உடம்பு சரியில்லையே என்று மேலும் மேலும் வெறும் தண்ணீரைக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்து இரத்தப் பரிசோதனைக்கு உட்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு அந்தக் குறை காணப்பட்டது.

நெஞ்சில் இறுக்கம், படபடப்பு, தலைச்சுற்றல், வெயிலில் குளிர் நடுக்கம், எந்த இடத்தில் ஓடுகிறோம் என்ற குழப்பம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் அந்த நொடியே நின்று, அருகிலுள்ள மருத்துவ உதவியாளரிடம் சொல்லுங்கள். வியர்வை இன்னும் வருகிறதே, ஆகவே இது வெப்பத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) இல்லை என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ஓட்டத்தில் வரும் வெப்பத் தாக்கில் வியர்த்துக்கொண்டேயும் இருக்கலாம். கூட ஓடுபவர் உளறத் தொடங்கினால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை காத்திருக்காமல் பனிக்கட்டி நீராலோ கிடைக்கிற குளிர்ந்த நீராலோ அவர் உடம்பை நனைக்கத் தொடங்குங்கள்.

ஓடாமல் நின்றவர்கள், காய்ச்சல் விட்ட பின் எத்தனை நாள் படுத்திருந்தார்களோ குறைந்தது அத்தனை நாளாவது நடையிலும் மெல்லோட்டத்திலும் கழிக்க வேண்டும். இடையில் நெஞ்சு வலியோ படபடப்போ வந்தால் ஈசிஜி எடுத்துப் பார்க்காமல் மறுபடி ஓடக் கூடாது. வீணாகிறதே என்று பிப் அட்டையை நண்பரிடம் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வழியில் அவர் மயங்கி விழுந்தால், மருத்துவக் குழுவின் கையில் இருப்பது உங்கள் பெயரும், உங்கள் வயதும், உங்கள் வீட்டுத் தொலைபேசி எண்ணும்தான்.