நஞ்சுக்கொடியிலிருந்து எஃப்ஜிஎஃப்-2 பிரித்தெடுத்தல்: ஹெபாரின் வழி

செல்களைப் பெருகத் தூண்டும் புரதமான எஃப்ஜிஎஃப்-2 (ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி 2, பழைய பெயர் பேசிக் எஃப்ஜிஎஃப்) இன்று பாக்டீரியாவில் தயாரித்த வடிவில் குப்பியில் கிடைக்கிறது. செல் வளர்ப்புக்கு மட்டும் தேவை என்றால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். திசுவில் அது இயல்பாக எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியவர்களுக்குத்தான் கீழே சொல்லும் பாடு.

1974இல் கோஸ்போடரோவிச் மாட்டின் பிட்யூட்டரியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டினார். ஆனாலும் முழுத் தூய்மை நெடுநாள் எட்டவில்லை. 1984இல் பாஸ்டனில் ஷிங், ஃபோக்மன், கிளாக்ஸ்ப்ரன் குழுவினர் எலியின் குருத்தெலும்புப் புற்றுக்கட்டியிலிருந்து எடுத்த வளர்ச்சிக் காரணி ஹெபாரினை (இரத்தம் உறைவதைத் தடுக்கும் சர்க்கரைச் சங்கிலி) விடாமல் பற்றிக்கொள்வதைக் கண்டார்கள். அதன்பின் வேலை எளிதாயிற்று. கீழே உள்ள முறையின் முதுகெலும்பும் அந்தப் பிடிப்புதான்.

இதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தாயின் எழுத்துபூர்வ ஒப்புதலும் வேண்டும். ஹெச்ஐவி, ஹெபடைட்டிஸ் பி, சி மூன்றும் பரிசோதிக்கப்பட்டிருக்க வேண்டும். ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் தொற்றுள்ள பொருளாகவே கையாளுங்கள். அரைக்கும்போது நுண்துளி பறக்கும்; மூடியுள்ள அரைப்பானைப் பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் வையுங்கள்.

திசுவும் சாறும்

ஒரு நஞ்சுக்கொடி ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும், இரண்டு போதும். பிரசவம் முடிந்ததும் ஐஸில் வைத்துக் கொண்டுவந்து, சவ்வையும் தொப்புள்கொடியையும் நீக்கி, சிறு துண்டுகளாக்கிக் குளிர்ந்த உப்புநீரில் நாலைந்து முறை அலசுங்கள். நீர் வெளிர் சிவப்பாகும் வரை அலசினால் போதும். அன்றே வேலை இல்லை என்றால் மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள்.

ஒரு கிலோ திசுவுக்கு 0.15 மோலார் அம்மோனியம் சல்ஃபேட் கரைசல் 2 லிட்டர். அரைத்தபின் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கலக்கிக்கொண்டே பிஹெச் 4.5க்குக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டு ஊற்றினால் அமிலம் விழும் இடத்தில் பிஹெச் 4க்குக் கீழே போய்விடும். இந்தப் புரதம் அமிலம் தாங்காது, செயல்திறன் அங்கேயே போகும். 4 டிகிரியில் 2 மணி நேரம் கலக்குங்கள்.

அரைக்கும்போதே புரதச்சிதைவுத் தடுப்பான்கள் சேர வேண்டும். பலர் பிஎம்எஸ்எஃப் என்ற தடுப்பானை மட்டும் போட்டுத் திருப்தி அடைவார்கள். இங்கே உண்மையான எதிரி அமிலத்தில் விழித்துக்கொள்ளும் கெத்தெப்சின் டி போன்ற நொதிகள். அவற்றை அது தொடாது. பெப்ஸ்டாட்டின் ஏ கட்டாயம், மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். இல்லாவிட்டால் முன்முனை வெட்டுப்பட்ட குட்டை வடிவங்கள் வரும். அவை செல்களைத் தூண்டத்தான் செய்யும், ஆனால் நீங்கள் தேடி வந்த இயல்பான வடிவம் அதுவல்ல. பிஎம்எஸ்எஃப் நீரில் சீக்கிரம் சிதையும். ஐசோபுரோப்பனாலில் கரைத்து வைத்து, 1 மில்லிமோலார் அளவுக்குக் கடைசி நிமிடத்தில் சேருங்கள். அது நஞ்சு, கையுறை வேண்டும்.

17,000 ஜியில் ஒரு மணி நேரம் சுழற்றி, தெளிந்த சாற்றை பிஹெச் 6க்கு உயர்த்துங்கள். லிட்டருக்கு 200 கிராம் அம்மோனியம் சல்ஃபேட் போட்டு, படிவதை எறியுங்கள். மேல்நீரில் லிட்டருக்கு இன்னும் 250 கிராம். இப்போது படிவதே நமக்கு வேண்டியது. சிறு அளவு நீரில் கரைத்து, பிஹெச் 6 உள்ள 0.1 மோலார் சோடியம் பாஸ்பேட்டுக்கு எதிராக ஓரிரவு டயாலிசிஸ் செய்யுங்கள். பையின் துளை அளவு 3.5 கிலோடால்டன் இருக்கட்டும். 18 கிலோடால்டன் புரதத்தை 12-14 பையில் நம்பி விடாதீர்கள்.

இரண்டு குழாய்கள்

(குழாய் என்றால் மணி நிரப்பிய பிரிகைக் குழாய், சாம்பிள் எடுப்பது டியூப்.)

முதலில் எதிர்மின் மணிகளான சிஎம்-செஃபடெக்ஸ் சி-50. எஃப்ஜிஎஃப்-2இன் சமமின் புள்ளி (நிகர மின்னூட்டம் பூஜ்யமாகும் பிஹெச்) 9.6 அளவில் இருப்பதால் பிஹெச் 6இல் நேர்மின்னோடு ஒட்டும். அல்புமின் ஒழுகிப் போகும். 0.15 மோலார் உப்போடு (சோடியம் குளோரைடு) கழுவும்போது ஹீமோகுளோபினின் சிவப்பு இறங்கும். சிவப்பு நின்றபின் 0.6 மோலார் உப்பில் இறக்குங்கள். சாம்பிளில் அம்மோனியம் சல்ஃபேட் மிச்சமிருந்தால் புரதம் ஒட்டாமலே போய்விடும். ஆகவே ஏற்றும் முன் மின்கடத்துதிறனை அளந்து, பஃபரோடு ஒப்பிடுங்கள். ஒழுகியதையும் கொட்டாமல் வையுங்கள்.

அடுத்து 5 மில்லிலிட்டர் ஹெபாரின்-செஃபரோஸ் (ஹெபாரின் பிணைத்த மணி). 10 மில்லிமோலார் டிரிஸ், பிஹெச் 7, 0.6 மோலார் உப்பு. முந்தைய குழாயிலிருந்து வந்த உப்பு அளவு இதுவே, அதனால் இடையில் டயாலிசிஸ் வேண்டாம். நிமிடத்துக்கு அரை மில்லிலிட்டர் வேகத்தில் ஏற்றுங்கள். பின் 1.1 மோலார் உப்பால், புரதத்தைக் காட்டும் 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சல் கோடு தரை தொடும் வரை கழுவுங்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த எஃப்ஜிஎஃப்-1 இந்த அளவிலேயே போய்விடும். எஃப்ஜிஎஃப்-2 ஏறக்குறைய 1.5 மோலாரில்தான் கைவிடும். 2 மோலார் உப்பில், 1 மில்லிலிட்டர் பின்னங்களாக (தனித்தனி டியூபில் பிடிக்கும் பங்குகள்) இறக்குங்கள்.

இந்த இடத்தில் கருவி ஒன்றும் காட்டாது. கிலோவுக்குக் கிடைப்பது சில பத்து மைக்ரோகிராம். 280இல் மேடு எழவில்லை என்று பின்னங்களைக் கொட்டிவிடாதீர்கள். வெள்ளிச் சாயம் போட்ட ஜெல்தான் கண். 18 கிலோடால்டன் அருகே ஒரு பட்டை வந்தவுடன் கொண்டாடவும் வேண்டாம்: ஹிஸ்டோன்களும் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்கள்) ஹெபாரினில் ஒட்டும், அவையும் அந்தப் பக்கத்தில்தான் ஓடும். எதிர்ப்பொருள் ப்ளாட் பார்த்தபின் சொல்லுங்கள். டிடிடி (சிஸ்டீன் பிணைப்பை உடைக்கும் வேதிப்பொருள்) போடாத ஜெல்லில் ஏணிப்படி போலப் பட்டைகள் தெரிந்தால், வெளியே நிற்கும் சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன என்று பொருள். இறக்கும் பஃபரில் 1 மில்லிமோலார் டிடிடி சேருங்கள்.

செயல்திறனும் சேமிப்பும்

3டி3 செல்களை (எலியின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்வகை) 0.5 சதவீத சீரத்தில் ஒரு நாள் அடக்கி வைத்து, பின்னங்களைக் குறைந்தது நூறு மடங்கு நீர்த்துச் சேர்த்து, டிஎன்ஏ உருவாக்கத்தை பிஆர்டியூவால் (புதிய டிஎன்ஏவில் சேரும் அடையாளப் பொருள்) அளங்கள். நீர்க்காமல் போட்டால் 2 மோலார் உப்பு செல்லைக் கொல்லும். தோல்வியைப் புரதத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள். நல்ல தயாரிப்பில் மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் கீழேயே பாதித் தூண்டல் தெரிய வேண்டும். பின்னத்தோடு நடுநிலையாக்கும் எதிர்ப்பொருளும் சேர்த்த ஒரு குழி, வெறும் 2 மோலார் பஃபர் சேர்த்த ஒரு குழி, இரண்டும் தவறாமல் இருக்கட்டும்.

ஜெல்லில் இருந்த புரதம் மறுநாள் காணாமல் போனால் டியூபின் சுவரைச் சந்தேகியுங்கள். இத்தனை நீர்த்த கரைசலில் இது கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாத பாலிப்ரொப்பிலீன் டியூப் எடுங்கள்; ஜெல்லுக்கான பங்கை ஒதுக்கிய உடனே மீதிக்கு 0.1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு அல்புமின்) சேருங்கள். முதலிலேயே சேர்த்தால் ஜெல் முழுவதும் அல்புமின்தான். மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஹெபாரின் சேர்த்தால் வெப்பத்தையும் நொதியையும் கூடுதலாகத் தாங்கும். ஒரு முறைக்கான சிறு பங்குகளாக மைனஸ் 80இல் வையுங்கள். உருக்கி மீண்டும் உறைய வைத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும்.

ஹெபாரின் குழாயை 3 மோலார் உப்பால் கழுவி 20 சதவீத எத்தனாலில், 4 டிகிரியில் வையுங்கள். திசு மிச்சம் இந்திய விதிப்படி மஞ்சள் பைக்கு.