கூண்டின் தரையில் உட்கார்ந்த பறவை: முட்டை மாட்டும்போது நாம் செய்யும் தவறுகள்

பெட்டைப் பறவை ஒன்று குச்சியை விட்டு இறங்கி, கூண்டின் தரையில், மூலையில், இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது என்றால் அது தூங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்கிற ஊரில் எங்கள் வீட்டு மஞ்சள் பட்ஜி (நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்றே எல்லாரும் சொல்வோம்) ஒரு நாள் சாயங்காலம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. வெயில் அதிகம், சோர்ந்திருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் அது உயிரோடு இல்லை. கையில் எடுத்தபோது அடிவயிற்றில் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக ஒரு முட்டை தட்டுப்பட்டது.

அப்புறம் பட்ஜி, காக்கடீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி), ஃபிஞ்ச் (குருவி மாதிரிச் சின்னப் பறவை) என்று வளர்த்து, பாம்பன், ராமேஸ்வரம், கீழக்கரைப் பக்கம் தெரிந்தவர்கள் ராத்திரி நேரத்தில் போன் பண்ணிக் கேட்டதையெல்லாம் வைத்துப் பார்த்தால், எல்லா வீட்டிலும் அநேகமாக அதே தவறுகள்தான் நடக்கின்றன. முட்டை வரும் வழியில் சிக்கிக்கொண்டால் சின்னப் பறவைக்கு ஒரு நாள், மிஞ்சிப் போனால் இரண்டு நாள்தான். பல சமயம் அதுகூடக் கிடைக்காது.

"ஆண் பறவையே இல்லை, இதற்கு எப்படி முட்டை வரும்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். கடையில் வாங்கும் பண்ணை முட்டை எப்படி வருகிறது? அந்தக் கோழிகளோடு சேவல் இருப்பதில்லை. கிளி இனமும் அப்படித்தான், தனியாக வளரும் பெட்டையும் முட்டையிடும், குஞ்சு வராது, அவ்வளவுதான். இதைவிட, வீட்டில் இருப்பது ஆண் என்றே இரண்டு மூன்று வருடம் நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. பட்ஜியில் அலகுக்கு மேலே மூக்குத் துளை இருக்கிற சதையைப் பாருங்கள், அது பழுப்பாகி, தடித்து, செதில் செதிலாக இருந்தால் பெட்டை, முட்டைக்குத் தயாராகிறது என்று அர்த்தம். ஆணுக்கு அது பெரும்பாலும் நீலமாக இருக்கும், சில நிறப் பறவைகளில் மட்டும் இளஞ்சிவப்பு.

என்னென்ன அடையாளம் பார்ப்பது? தரையில் உட்காரும். கால்களை அகட்டி வைத்து நிற்கும். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடும். முக்கும், ஆனால் ஒன்றும் வராது. எச்சம் போடவே போடாது, அல்லது ஒரேயடியாகப் பெரிதாகப் போடும். தீனியைக் கொறிக்கிற மாதிரி இருக்கும், கீழே பார்த்தால் தொலி குறைவாக இருக்கும். இதில் ஆளை ஏமாற்றுவது கால்தான். உள்ளே இருக்கும் முட்டை இடுப்பு நரம்பை அழுத்துவதால் ஒரு கால் இழுத்துக்கொள்ளும், குச்சியைப் பிடிக்க வராது. எங்கள் தெருவில் ஒரு அக்கா, கூண்டுக் கம்பியில் மாட்டிச் சுளுக்கிவிட்டது என்று நினைத்து இரண்டு நாளாகக் காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். முட்டையிடும் வயதில் இருக்கும் பெட்டை திடீரென்று நொண்டினால், காலைப் பார்ப்பதற்கு முன்னால் வயிற்றைப் பாருங்கள்.

பார்ப்பது என்றுதான் சொல்கிறேன், அமுக்குவது அல்ல. பறவைகள் செத்துப்போவது அதிகமும் இங்கேதான். ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிரசவம் பார்த்த கைகள் நம் ஊரில் உண்டு, அந்தத் தைரியத்தில் பறவையின் வயிற்றையும் நீவி முட்டையைத் தள்ளப் பார்க்கிறார்கள். பட்ஜியின் மொத்த எடையே நாலு, நாலரைப் பவுன்தான். அந்த உடம்புக்குள் ஓடு உடைந்தால் சில்லு முட்டை வரும் குழாயைக் கிழிக்கும், உள்ளே சீழ் பிடிக்கும், குழாய் வெளியே தள்ளிக்கொண்டும் வரலாம். அப்படிச் சிவப்பாக ஏதாவது வெளியே தெரிந்தால் உள்ளே திணிக்காதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் ஈரம் காயாமல் மூடிக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள்.

அடுத்தது விளக்கெண்ணெய். வாயில் ரெண்டு சொட்டு, பின்னால் ரெண்டு சொட்டு என்று பாட்டி காலத்திலிருந்து வருகிற வைத்தியம். முட்டை வரும் குழாயும் குடலும் வேறு வேறு, வாயில் விட்ட எண்ணெய் முட்டை இருக்கும் இடத்துக்குப் போகவே போகாது. பறவையின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடிப்பகுதியிலேயே திறந்திருக்கிறது, தெம்பில்லாத பறவைக்குச் சொட்டு விட்டால் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். இறகில் எண்ணெய் பட்டால் உடம்புச் சூடும் நிற்காது. வெளியிலிருந்து தடவுவதும் பெரிய உதவி இல்லை, முட்டை சிக்கியிருப்பது பெரும்பாலும் இன்னும் உள்ளே.

சரி, வீட்டில் செய்யக்கூடியது என்ன? சூடு, ஈரப்பதம், இருட்டு, அமைதி. ஒரு அட்டைப்பெட்டியில் காற்றுத் துளை போட்டு, பழைய துண்டை விரித்து, பறவையை அதில் விடுங்கள். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வையுங்கள், மறுபக்கம் சூடில்லாமல் இருக்கட்டும், வேண்டாமென்றால் அது நகர்ந்துகொள்ளும். பெட்டிக்குள் 30 டிகிரி செல்சியஸை ஒட்டி இருந்தால் நல்லது. பக்கத்தில் ஈரத்துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். சித்திரை, வைகாசியில் நம் கரையில் அறையே அந்தச் சூட்டுக்கு மேலே போய்விடும், அப்போது வெந்நீர் வைக்கத் தேவையில்லை, ஏசி அல்லது ஃபேன் காற்றுக்கு நேரே வைக்காமல் இருந்தாலே போதும். அலகைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு சிறகை உடம்பை விட்டு விலக்கி வைத்திருந்தால் சூடு அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். மார்கழி, தையில் வாடைக்காற்று அடிக்கிற ராத்திரிகளில் கதையே வேறு, குளிரில்தான் முட்டை அதிகம் மாட்டுகிறது, வராந்தாவில் கூண்டு வைத்திருப்பவர்கள் அந்த மாதங்களில் உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும்.

இந்தப் பெட்டி வைத்தியத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம்தான் கணக்கு. அதற்குள் முட்டை வரவில்லை என்றால் டாக்டர். பறவை ஏற்கெனவே படுத்துவிட்டது, மூச்சு வாங்குகிறது என்றால் அந்த ஒரு மணி நேரம்கூட வேண்டாம், பெட்டியோடு கிளம்புங்கள். டாக்டர் கால்சியம் ஊசி போடுவார், நீர்ச்சத்து ஏற்றுவார், எக்ஸ்ரேயில் முட்டை எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று பார்ப்பார், தேவைப்பட்டால் ஊசியால் முட்டைக்குள் இருப்பதை உறிஞ்சி எடுத்து ஓட்டைச் சுருங்கச் செய்வார். இதையெல்லாம் வீட்டில் யாரும் முயற்சி செய்யக் கூடாது.

நம் பக்கத்துக் கால்நடை டாக்டர்களிடம் வருவதெல்லாம் ஆடு, மாடு, நாய்தான், சின்னப் பறவை எப்போதாவது ஒன்று. அதனால் பறவை நன்றாக இருக்கும்போதே, ராமநாதபுரத்தில் யார் பறவை பார்க்கிறார்கள், மதுரையில் யார் பார்க்கிறார்கள் என்று போன் பண்ணி விசாரித்து நம்பரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் சுமார், ராத்திரி பத்து மணிக்குத் தேட ஆரம்பித்தால் விடிந்துவிடும். திருநெல்வேலியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அதையும் கேட்டு வையுங்கள். போகும்போது கூண்டின் அடியில் விரித்த பேப்பரையும் மடித்து எடுத்துப் போங்கள், எச்சத்தைப் பார்த்தே டாக்டருக்குப் பாதி தெரியும். கடைசி முட்டை எந்தத் தேதியில், இதுவரை எத்தனை, என்ன தீனி என்பதையும் சொல்லுங்கள்.

பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் டாக்டரிடம் போகவே பயப்படுகிறார்கள். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்ப்பதே குற்றம். வளர்க்காதீர்கள். அந்தப் பயத்தில் ஒரு கிளி சிகிச்சை இல்லாமல் சாவதையும் நான் பார்த்திருக்கிறேன், மனசு ஆறவில்லை.

இனி, முட்டை ஏன் மாட்டுகிறது என்பதற்கு வருகிறேன். முக்கியமான காரணம் கால்சியம். முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கவே சுண்ணாம்புச் சத்து, அந்தச் சத்தை எல்லாம் பறவை தன் தீனியிலிருந்தும் தன் எலும்பிலிருந்தும்தான் எடுக்கிறது. ஓடு உருவாவதற்கு மட்டும் ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகும். முட்டையை வெளியே தள்ளுகிற தசை சுருங்கவும் அதே கால்சியம் வேண்டும். ஆகவே அது குறைந்தால் ஓடும் மெலிந்து தோல் மாதிரி ஆகிவிடும், தள்ளும் பலமும் போய்விடும். வருடம் முழுக்கத் தினை மட்டும் போட்டு வளர்க்கிறோமே, அதில் கால்சியம் மிகவும் குறைவு.

இத்தனைக்கும் நாம் இருப்பது கடற்கரையில். கணவாய் ஓடு, கடல்நுரை என்று நாட்டு மருந்துக்கடையில் விற்பார்களே அதேதான், காற்று ஓய்ந்த காலையில் பாசியோடு சேர்ந்து கரையில் ஒதுங்கிக் கிடக்கும். வெள்ளையாக, படகு வடிவில், ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். பட்டணத்தில் காசு கொடுத்து வாங்குகிற பொருள். தவறு எங்கே என்றால், பொறுக்கியதை அப்படியே கொண்டுவந்து கூண்டில் கட்டிவிடுகிறார்கள். உப்பு பறவைக்கு ஆகாது. நல்ல தண்ணீரில் ஐந்தாறு நாள் ஊறப்போட்டு, தினமும் தண்ணீர் மாற்றி, அப்புறம் வாடை போகும்வரை வெயிலில் காயவைத்து, மாவாக உதிரும் பக்கம் பறவையைப் பார்த்து இருக்கிற மாதிரி கம்பியில் கட்டுங்கள்.

இதே உப்புக் காரணத்தால் நெத்திலிக் கருவாடு வேண்டாம், "முள்ளில் கால்சியம் இருக்கிறது" என்று சிலர் நொறுக்கிப் போடுகிறார்கள். வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து வைப்பதும் வேண்டாம், வாயும் குடலும் வெந்துபோகும். பவளப்பாறைத் துண்டு அழகாக இருக்கிறது, கொறிக்கட்டும் என்று எடுத்து வருவது சட்டப்படியே தப்பு, மன்னார் வளைகுடாவில் பவளம் பாதுகாக்கப்பட்ட உயிர். கோழிமுட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயவைத்துப் பொடித்துப் போடலாம். முருங்கைக்கீரை ரொம்ப நல்லது, கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டால் விளையாடிக்கொண்டே தின்னும். பாலக்கீரையை நம்பாதீர்கள், அதில் இருக்கும் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்தை உடம்பில் சேரவிடாது. குடிக்கும் தண்ணீரும் முக்கியம், வீட்டுக் கிணறு உவர்ப்பாக இருந்தால், நீங்கள் குடத்தில் வாங்கிக் குடிக்கிற தண்ணீரையே பறவைக்கும் வையுங்கள்.

கால்சியம் டானிக் பாட்டிலில் மாட்டுக்கும் கோழிக்கும் அளவு போட்டிருக்கும். அதைப் பார்த்து உத்தேசமாக ஊற்றாதீர்கள், கூடினாலும் சிறுநீரகம் கெடும், அளவை டாக்டர் சொல்லட்டும். தின்ற கால்சியம் உடம்பில் ஒட்ட வைட்டமின் டி வேண்டும், அதற்கு வெயில் வேண்டும். கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கணக்கில் சேராது. காலை இளவெயிலில் இருபது நிமிடம், கூண்டில் பாதிக்கு நிழல், பூனையும் காக்கையும் வராமல் பக்கத்தில் ஒரு ஆள்.

எவ்வளவு சத்துக் கொடுத்தாலும் ஓயாமல் முட்டையிடும் பறவை ஒரு நாள் மாட்டிக்கொள்ளும். அப்படி இட வைப்பது நாம்தான். முட்டையிடுவதற்கான பானையை வருடம் முழுக்கக் கூண்டில் தொங்கவிடுகிறோம். வீட்டில் ராத்திரி பதினொரு மணிவரை டிவியும் லைட்டும் எரிகிறது, பறவைக்கு அது நீண்ட பகல், நீண்ட பகல் என்றால் இனப்பெருக்கக் காலம். சாயங்காலம் ஆறரை, ஏழுக்குக் கூண்டை மூடி, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் படாமல் பாருங்கள். தனிப் பறவையாக இருந்தால் கூண்டுக்குள் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவிடுங்கள், தலையை மட்டும் தடவுங்கள், முதுகில் தடவுவதை அது ஜோடி சேர்வதாக எடுத்துக்கொள்ளும். இட்ட முட்டையை உடனே எடுத்துப்போடுவது ரொம்பப் பெரிய தவறு, எண்ணிக்கை குறைகிறது என்று அது இன்னொன்று இடும், இன்னொன்று இடும். குஞ்சு வராத முட்டையாக இருந்தாலும் மூன்று வாரம் அடைகாக்க விடுங்கள், அலுத்துப்போய் அதுவே விட்டுவிடும். ஒரு வயது ஆகாத பட்ஜியையும் ஒன்றரை வயது ஆகாத காக்கடீலையும் ஜோடி சேர்க்க வேண்டாம். வருடத்துக்கு இரண்டு ஈட்டுக்கு (அடைக்கு ஒரு தடவை சேர்ந்தாற்போல் இடும் முட்டைகள் ஒரு ஈடு) மேல் வேண்டவே வேண்டாம்.

ஒரு முறை மாட்டிப் பிழைத்த பறவைக்கு மறுபடியும் மாட்டும் வாய்ப்பு அதிகம். எங்கள் நீலப் பெட்டை ஊசி போட்டபின் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த முட்டையை இட்டது, ஓடு சொரசொரவென்று மணல் ஒட்டியது போல இருந்தது. மறுநாள் பானையைக் கழற்றினேன். பத்து நாள்வரை அது பானை தொங்கிய கம்பியிலேயே போய் நின்று, தலையைச் சாய்த்துச் சாய்த்துத் தேடியது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, வீட்டில் எல்லாரும் திரும்ப மாட்டச் சொன்னார்கள், மாட்டவில்லை. பதினோராவது நாள் முருங்கைக் கொத்துக்குப் பக்கத்துக் குச்சியில் உட்கார்ந்து இறகு கோத ஆரம்பித்தது.