ஏர் கன்னை முதலில் கீழே வையுங்கள்

கோவை கணபதி பக்கம் ஒரே ஷெட்டில் நாலு பேர் வாடகையைப் பங்கு போட்டு லேத், கிரைண்டிங், வெல்டிங் என்று வேலை பார்க்கிறீர்களா? அப்படியென்றால் உங்கள் தூசி பக்கத்து மெஷின்காரருக்கும் போய்ச் சேரும். அதனால் ஏர் கன்னில் (கம்ப்ரசர் காற்றை ஊதும் கருவி) ஊதிச் சுத்தம் செய்கிற பழக்கத்தை விடுங்கள். படிந்து கிடந்ததைக் கிளப்பி எல்லோர் மூக்குக்கும் பங்கு வைக்கிற வேலை அது. ஈரத்துணியால் துடையுங்கள், நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் வேக்யூம் இருந்தால் இன்னும் நல்லது.

கல் வேலைதான் ரொம்ப மோசம். வெட் கிரைண்டருக்கு ஊத்துக்குளிக் கல் கொத்தினாலும் சரி, கிரானைட் அறுத்தாலும் சரி, கிளம்புவது சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத துகள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாக்குகிறது. சிலிக்கோசிஸ் வந்தால் குணமாகாது. தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், அதற்கென்றே செய்த கட்டரில் (சாதாரண ஹேண்ட் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றினால் ஷாக் அடிக்கும்). சேற்றைக் காயும் முன்னே அள்ளிவிடுங்கள். வெல்லம் தின்றால் தூசி இறங்கிவிடும் என்பார்கள், எங்கள் பட்டறையிலும் ஒரு டப்பா இருக்கிறது, ஆனால் வெல்லம் போவது வயிற்றுக்கு.

ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) வெல்டிங்கில் வரும் வெள்ளைப் புகை அந்தத் துத்தநாகப் பூச்சிலிருந்து வருவது. துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும், இரும்பு உருக 1500 டிகிரி பக்கம் வேண்டும். ஒரு கேட் வேலை முடித்த ராத்திரி எனக்குக் குளிர்க் காய்ச்சல், வாயெல்லாம் இரும்புச் சுவை, மறுநாள் சரியாகிவிட்டதால் வைரஸ் காய்ச்சல் என்றே நினைத்தேன், காரணம் அந்தப் புகைதான். இப்போது மாஸ்க் போட்டுக்கொண்டு, ஜாயின்ட் ஓரத்துப் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகுதான் ஆர்க் அடிக்கிறேன். ஃபேன் புகையை முகத்துக்குக் குறுக்கே இழுக்காமல், பக்கத்து ஆள்மேல் தள்ளாமல் வெளியே விட வேண்டும். மூச்சு வாங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இரும்பு தேய்க்கிற வீலில் அலுமினியத்தைத் தேய்க்காதீர்கள். இரும்பின் பொறி அலுமினியப் பொடியில் விழுந்தால் தீ. வீலும் தொட்டியும் தனித்தனியாக இருக்கட்டும். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது, காய்ந்த மணல்தான்.

லேசர் மெஷினில் பிவிசி, ரெக்ஸின் போடவே கூடாது, ஹைட்ரோகுளோரிக் அமில வாயு வரும், மெஷினும் துருப்பிடிக்கும். என்ன ஷீட் என்று சந்தேகமா? வெளியே போய், செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஷீட்டில் தொட்டு மறுபடி தீயில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் மாஸ்க். என்95 தூசிக்கும் வெல்டிங் புகைக்கும் உதவும், அமில வாயுவை நிறுத்தாது. தாடி இருந்தால் ஓரத்தில் ஒட்டாது. கைக்குட்டை வியர்வை துடைக்கத்தான்.