வளைகுடாவுக்குப் புதிதாக வரும் நம்ம கடற்கரைக்காரர்களுக்கு: தனி ஜிபிஎஸ் வாங்கவா, போன் போதுமா?

விடுமுறைக்குக் கீழக்கரை வந்த நாலாம் நாள். லாத்தா (அக்கா) வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் மச்சான் உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். திறந்தால், காரின் முன்கண்ணாடியில் ஒட்டி வைக்கிற ஜிபிஎஸ் கருவி. துபாயில் வேன் ஓட்டிய காலத்தில் அவர் வாங்கியது. ஒட்டுகிற ரப்பர் காய்ந்து மஞ்சளாகிவிட்டது. "பையன்கிட்ட இதைக் கொடுத்து விடுறேன். நெட் செலவில்லாம வழி காட்டும்ல?" என்றார். துபாய்க்குப் புறப்படப்போகும் அவர் மகன், என் மருமகன், பக்கத்தில் நின்று என்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்தது. வாப்பாவிடம் அவனால் சொல்ல முடியாது, மாமாதான் சொல்ல வேண்டும்.

சரி, பார்த்துவிடுவோம் என்று சார்ஜ் ஏற்றி முற்றத்தில் வைத்தோம். முதலில் தேதியைக் கோட்டைவிட்டது. ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை எண்ணிவிட்டுத் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 2019 ஏப்ரலில் அப்படி ஒரு சுற்று முடிந்தது. புதுப்பிக்காத பழைய கருவிகள் சில அதில் குழம்பிப்போயின. அப்புறம் நெடுநேரம் "தேடுகிறேன்" என்றது. டீ குடித்து முடிக்கும்போது சாம்பல் நிறத் திரையின் நடுவில் ஒரு அம்புக்குறி. சுற்றிலும் ஒன்றுமில்லை, தெரு இல்லை, பள்ளிவாசல் இல்லை, கடல்கூட இல்லை. நிற்கிற இடம் அதற்குத் துல்லியமாகத் தெரியும், ஆனால் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. உள்ளே இருந்தது அமீரக வரைபடம் மட்டும், அதுவும் பல வருடப் பழசு.

போனா கருவியா என்று கேட்பவர்கள் முதலில் இதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். வானத்தில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நீங்கள் நிற்கும் இடத்தைக் கணக்கிடத் தேவையானதைச் சொல்லும். நாலு கிடைத்தால் போதும். இதற்கு சிம் வேண்டாம், நெட் வேண்டாம், காசும் வேண்டாம். போனும் அதையேதான் கேட்கிறது, கருவியும் அதையேதான் கேட்கிறது. மாறுவது கைக்குள் இருக்கும் வரைபடம்தான். போனில் அது புதிதாகிக்கொண்டே இருக்கும், பழைய கருவியில் வாங்கிய நாளோடு நின்றுவிடும்.

துபாயில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வண்டி ஓட்டினால்தான் தெரியும். போன வருடம் ரவுண்டானா இருந்த இடத்தில் இந்த வருடம் மேம்பாலம். துபாயின் சாலைச் சுங்கமான சாலிக்கில் 2024 நவம்பரில் இரண்டு புதுக் கேட் சேர்ந்தன. 2025 ஜனவரி கடைசியிலிருந்து கட்டணமும் நேரத்துக்கு நேரம் மாறுகிறது: நெரிசல் நேரத்தில் 6 திர்ஹம், மற்ற நேரத்தில் 4, சாதாரண நாட்களில் இரவு 1 மணியிலிருந்து காலை 6 வரை இலவசம். மச்சானின் கருவிக்கு இதில் ஒன்றும் தெரியாது. அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் புதுக் கருவி அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். அங்கே விற்பதில் பெரும்பாலும் அந்த ஊர் வரைபடம்தான் இருக்கும். வளைகுடா வரைபடத்துக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

ஆகவே நகரத்தில் வேலைக்கு வருபவர்களுக்கு, டிரைவரோ டெலிவரியோ ஆபீஸோ, போன் போதும். மச்சான் கவலைப்பட்ட நெட் செலவுக்கு வழி இருக்கிறது. புறப்படுவதற்கு முன்பே வீட்டு வைஃபையில் கூகுள் மேப்ஸைத் திறந்து, போகிற ஊரின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள். விமானம் இறங்கி சிம் வாங்குவதற்கு முன்னாலேயே அது வேலை செய்யும். ஆனால் ஒன்று: நெட் இல்லாதபோது கார் போகும் வழியை மட்டுமே சொல்லும். நடக்கும் வழி, பஸ், மெட்ரோ எதுவும் வராது, நெரிசலும் தெரியாது. நடந்து போக வேண்டியவர்கள் ஆர்கானிக் மேப்ஸ் மாதிரி, ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தை வைத்து நெட் இல்லாமல் ஓடும் செயலி ஒன்றையும் சேர்த்து ஏற்றிக்கொள்ளுங்கள்.

மருமகன் நம்பவில்லை. "நெட்டை அணைச்சா மேப்பு எப்படி மாமா நகரும்?" என்றான். நேற்று ராமநாதபுரம் போகும் பஸ்ஸில் அவன் போனை ஃப்ளைட் மோடில் போட்டுக் கையில் கொடுத்தேன். முதல் ஒரு நிமிடம் நீலப்புள்ளி அசையவில்லை. நெட் இருந்தால் எந்தெந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் டவர் வழியாக உடனே வந்துவிடும், இல்லாவிட்டால் வானத்திலிருந்தே மெதுவாகக் கேட்டு வாங்க வேண்டும், அதனால்தான் அந்தத் தாமதம். திருப்புல்லாணி வருவதற்குள் புள்ளி ரோட்டில் ஏறி பஸ்ஸோடு ஓடத் தொடங்கியது. நீங்களும் இதை ஊரிலேயே ஒருமுறை செய்து பாருங்கள். அந்த ஊர் ஏர்போர்ட் வாசலில் நின்று முதல்முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

போனுக்கும் எதிரிகள் உண்டு. முதலாவது வெயில். 0 முதல் 35 டிகிரி வரையுள்ள சூட்டில்தான் ஐபோனைப் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். ஜூலையில் துபாய் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். முன்கண்ணாடியில் ஒட்டிய போன் சூடேறித் திரை மங்கி, சரியாகத் திரும்ப வேண்டிய இடத்தில் கைவிடும். எனக்கு ஷார்ஜா எல்லையில் இது நடந்திருக்கிறது. திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. ஏசி காற்று வரும் துவாரத்தில் மாட்டுகிற தாங்கியை வாங்குங்கள். போனுக்குக் குளிர்ச்சி, கண்ணாடியும் மறைக்காது. கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினால் அமீரகத்தில் 800 திர்ஹம் அபராதம், லைசென்சில் 4 கரும்புள்ளி. பைக்கில் டெலிவரி செய்பவர்கள் ஹேண்டில்பாரில் விலை உயர்ந்த போனை மாட்டாதீர்கள், என்ஜின் அதிர்வில் கேமரா கெட்டுப்போகலாம் என்று ஆப்பிளே எச்சரித்திருக்கிறது. அதற்கென்று ஒரு மலிவான பழைய போன் போதும்.

வண்டியில் கம்பெனி பொருத்தியிருக்கும் ஜிபிஎஸ்ஸைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது உங்களுக்கு வழி காட்ட அல்ல, நீங்கள் எங்கே நிறுத்தி டீ குடிக்கிறீர்கள் என்று முதலாளிக்குக் காட்ட.

முகவரி கேட்கும் முறையும் அங்கே வேறு. "பள்ளிவாசலுக்குப் பின்னால மூணாவது வீடு" எல்லாம் நம்ம ஊரோடு சரி. துபாயில் கட்டட வாசலில் மகானி என்ற 10 இலக்க எண் இருக்கும். கத்தாரில் நீலப் பலகையில் பகுதி எண், தெரு எண், கட்டட எண். சவுதியில் நாலு எழுத்தும் நாலு எண்ணும் சேர்ந்த குறுமுகவரி. யார் வீட்டுக்குப் போனாலும் இந்த எண்ணைக் கேளுங்கள், அல்லது வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள்.

இனி கடலுக்குப் போகிறவர்கள். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கமிருந்து பஹ்ரைனுக்கும் சவுதிக்கும் ஈரானுக்கும் படகு வேலைக்குப் போகிறவர்களுக்கு மேலே சொன்னதெல்லாம் அப்படியே தலைகீழ். உங்களுக்குத் தனிக் கருவிதான். போன் கூட வரலாம், அதை நம்பிப் போகக் கூடாது.

பாம்பனில் எனக்குப் பழக்கமான அண்ணன் ஒருவர், ஆறு வருடம் பஹ்ரைன் படகில் இருந்தவர். இப்போது இங்கே நாட்டுப்படகு வைத்திருக்கிறார். போன வாரம் அவர் கரை ஏறும்போது போய் நின்றேன். கையடக்கக் கருவி பாலித்தீன் பைக்குள், மேலே ரப்பர் பேண்ட். "போன் பத்தாதாண்ணே?" என்று கேட்டதும் பேசாமல் என் போனை வாங்கி, மீன் செதில் ஒட்டிய ஈரக் கையால் திரையைத் தேய்த்தார். அது தானாகவே நாலு செயலிகளைத் திறந்து மூடியது. பிறகு தன் கருவியின் பொத்தானைப் பைக்கு மேலேயே பெருவிரலால் ஒரு அமுக்கு. இடம் பதிவாகிவிட்டது. "இருட்டுல பார்க்காமலே அமுக்குவேன் தம்பி. உன் போன்ல முடியுமா?" என்றார்.

பதிவுப் பட்டியலைக் காட்டினார். கடலடிப் பாறைகளுக்கு எண்கள், வலை கிழிந்த இடத்துக்குப் பெருக்கல் குறி, பாம்பன் கரைக்கு 'வீடு'. இரண்டு பென்சில் செல் போட்டால் சுமார் 20 மணி நேரம் ஓடும். வெயிலில் திரை தெளிவாகத் தெரியும், தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். எல்லாக் கையடக்கக் கருவியும் மிதக்காது, வாங்கும்போது கேட்டு வாங்குங்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது வேறு, மிதக்கும் என்பது வேறு.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது எண்ணில். என் போன் அங்கே அட்சரேகையை 9.29 என்று காட்டியது. அண்ணன் கருவியில் 9° 17.4′. இரண்டும் ஒன்றுதான். போன் பாகையைத் தசமமாகக் காட்டுகிறது, படகுக் கருவி பாகையும் நிமிடமுமாகக் காட்டுகிறது. ஒரு பாகைக்கு 60 நிமிடம், 0.29-ஐ 60-ஆல் பெருக்கினால் 17.4. இது தெரியாமல் வாட்ஸ்அப்பில் வந்த 9.29-ஐ 9 பாகை 29 நிமிடம் என்று கருவியில் அடித்தால், படகு 11.6 கடல் மைல் வடக்கே போய்விடும், 21 கிலோமீட்டருக்கு மேல். பாக் நீரிணையில் அந்தத் தூரம் தவறிப்போனால் என்ன ஆகும் என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கருவியின் அமைப்புகளில் எண் வடிவத்தை மாற்ற வழி உண்டு. படகில் மற்றவர்கள் எதை வைத்திருக்கிறார்களோ அதையே நீங்களும் வையுங்கள்.

வளைகுடாவிலும் எல்லை நெருக்கம்தான். 2024 செப்டம்பரில், ஈரானில் வேலை பார்த்த இடிந்தகரை மீனவர்கள் 28 பேரை எல்லை தாண்டியதாக பஹ்ரைன் கடலோரக் காவல்படை பிடித்தது. அனுமதிக்கப்பட்ட எல்லையை முதலாளியிடம் எண்ணாகவே கேட்டு வாங்கி, கருவியில் பதிந்து, ஒரு மைலுக்கு முன்பே சத்தம் போடும்படி அலாரம் வையுங்கள். "நான் பார்த்துக்கிறேன்" என்று தண்டல் (படகை நடத்துபவர்) சொன்னாலும் வையுங்கள். பாக்கெட்டில் ஒரு சாதாரணத் திசைகாட்டியும் இருக்கட்டும். 2025 ஜூனில் ஹோர்முஸ் நீரிணைப் பக்கம் ஜிபிஎஸ் சிக்னலையே குழப்பிவிட்டார்கள், பெரிய கப்பல்களே தாம் இருக்கும் இடம் தெரியாமல் தவித்தன. அப்படி நடந்தால் போனும் கருவியும் சேர்ந்தே பொய் சொல்லும்.

பாலைவனப் பக்கம் ஆட்டுப்பட்டி, பைப்லைன் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான்: டவர் இல்லாவிட்டாலும் போன் இடத்தைக் காட்டும், ஆனால் அந்த வெயிலுக்கும் சார்ஜ் ஏற்ற வழியில்லாத இடத்துக்கும் தனிக் கருவிதான்.

ஊருக்குத் திரும்பும்போது ஒன்றை மறக்காதீர்கள். செயற்கைக்கோளைக் கேட்க மட்டும் செய்கிற ஜிபிஎஸ் வேறு, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்புகிற கருவியும் சாட்டிலைட் போனும் வேறு. பார்க்க மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், குட்டை ஆன்டெனா, ரப்பர் உறை. பின்னால் சொன்ன இரண்டையும் அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டிலேயே வழக்கு. அதிலும் ராமநாதபுரம் கடற்கரை முகவரியோடு சாட்டிலைட் போன் வைத்திருந்தால் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாது. அங்கே கடையில் சாதாரணமாக விற்கிறார்களே என்று வாங்கி வராதீர்கள்.

மருமகன் வெள்ளிக்கிழமை மதுரையில் ஏறுகிறான். துபாய், ஷார்ஜா, அஜ்மான் மூன்றையும் இறக்கிவிட்டான். மச்சானுக்கு இன்னும் மனசு ஆறவில்லை, கருவியைத் துடைத்து அலமாரி மேல் வைத்திருக்கிறார். பிஸ்கட் டப்பாவை லாத்தா கழுவிக் காயவைத்துவிட்டார். அதில் இப்போது பையனுக்குத் தொதல் இனிப்பு.