எக்ஸ்ரே அறை அறிவிப்பு: யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் கதவு

"கர்ப்பமாக இருந்தாலோ, இருக்கலாம் என்று தோன்றினாலோ படம் எடுக்கும் முன் சொல்லுங்கள்." எங்கள் கிளினிக்கின் எக்ஸ்ரே அறைக் கதவில் இது ஒட்டியிருந்தது. ஆனால் விசாரித்தால், பலரும் பார்க்கவே இல்லை என்றார்கள். கருவின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது, அப்படியே விட முடியாது.

எழுத்தைப் பெரிதாக்கினோம், பலனில்லை. லேமினேட் செய்ததும் டியூப்லைட் பட்டுப் பளபளத்து இன்னும் மோசமானது. பாதுகாப்புக் குறிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 7010-இல் உள்ள மஞ்சள் முக்கோணக் கதிர்வீச்சுக் குறியை மேலே சேர்த்தோம். குறி தெரிந்தது, கீழே இருந்த வரியை யாரும் படிக்கவில்லை.

அப்புறம் நோயாளி வரும் வழியிலேயே நடந்து பார்த்தேன். கதவு உள்பக்கம் திறப்பது. ஆளைக் கூப்பிடும்போது அது முழுக்கத் திறந்திருக்கும், வருபவருக்கு அதன் விளிம்புதான் தெரியும். மூடுவதே படம் எடுக்கும்போதுதான், அப்போது அவர் உள்ளே இருப்பார்! காத்திருக்கும் இருக்கைகளோ வராந்தா திருப்பத்துக்கு அப்பால்.

அறிவிப்பைக் கைப்பிடிப் பக்கச் சுவரில், கண் மட்டத்தில், பளபளப்பில்லாத தாளில் ஒட்டினேன். இன்னொரு பிரதி உடை மாற்றும் தடுப்புக்குள், பெஞ்சுக்கு நேர் எதிரே. உண்மையில் வேலை செய்தது இந்த இரண்டாவதுதான். நகையைக் கழற்றிக்கொண்டே படிக்கிறார்கள், வெளியே வந்ததும் தாங்களாகவே சொல்கிறார்கள். கதவில் இப்போது முக்கோணக் குறி மட்டும் இருக்கிறது.