கேத்தலில் பிடிக்கும் வெள்ளைப் படையும் மூலிகங்களின் வலுவளவும்

வலிகாமத்துக் கிணற்று நீரைச் சில கிழமைகள் தொடர்ந்து கொதிக்கவைத்த கேத்தலின் அடியில் வெள்ளைப் படை ஒன்று பிடித்துவிடும் என்பதை யாழ்ப்பாணத்து வீடுகளில் அறியாதவர் குறைவு. அந்தப் படை பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. நம் காலடியிலுள்ள சுண்ணக்கல்லும் அதுவே. இரசாயனச் சூத்திரம் எழுதப் பழகும் மாணவருக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் தேவையில்லை.

காபனேற்று என்பது ஒரு காபன் அணுவும் மூன்று ஒட்சிசன் அணுக்களும் பிணைந்து, முழுவதற்கும் சேர்த்து ஒரு மின்னேற்றத்தைக் கொண்டு, சாதாரண தாக்கங்கள் பலவற்றில் கலையாமல் ஒரே அலகாக இயங்கும் கூட்டமாகும். இத்தகைய கூட்டமே மூலிகம். அதன் ஏற்றத்தின் அளவே அதன் வலுவளவு. ஐதரொட்சைட்டு, நைத்திரேற்று, ஐதரசன் காபனேற்று ஆகியவற்றுக்கு வலுவளவு 1, காபனேற்று, சல்பேற்று ஆகியவற்றுக்கு 2, பொசுபேற்றுக்கு 3. இவை மறையேற்றம் உடையவை. அமோனியத்தின் வலுவளவும் 1தான், ஆனால் அது நேரேற்றம் உடையது. இவ்வளவையும் மனனம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

சூத்திரம் எழுதும்போது நேரேற்றம் உடையதை முதலிலும் மறையேற்றம் உடையதை அடுத்தும் வைத்து, ஒன்றின் வலுவளவை மற்றதன் கீழ் வலப்புறத்தில் மாற்றி எழுதுக. 1 வந்தால் எழுத வேண்டியதில்லை. இரண்டும் பொதுக் காரணியால் வகுபட்டால் சுருக்குக. கல்சியத்துக்கும் காபனேற்றுக்கும் வலுவளவு 2 ஆதலால், ஒன்றுக்கு ஒன்று என்றாகிறது. மூலிகத்தினுள்ளே இருக்கும் எண்ணை மட்டும் ஒருபோதும் சுருக்கலாகாது.

மாணவர் அதிகம் தவறுவது அடைப்புக்குறியில். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பான கல்சியம் ஐதரொட்சைட்டில் மூலிகம் இரண்டு உண்டு. அடைப்புக்குறி இன்றி 2 ஐ எழுதினால் அது ஐதரசனை மட்டுமே பெருக்கும், ஒட்சிசன் ஒன்றாகவே நின்றுவிடும். அலுமினியத்தின் வலுவளவு 3 ஆதலால், அலுமினியம் சல்பேற்றில் அலுமினியம் அணுக்கள் 2, சல்பேற்று மூலிகங்கள் 3. ஒரு சல்பேற்றில் ஒட்சிசன் 4, ஆகவே ஒட்சிசன் அணுக்கள் மொத்தம் 12.

இனிக் கேத்தலுக்குத் திரும்புவோம். நீரில் கரைந்திருப்பது கல்சியம் ஐதரசன் காபனேற்று. அம்மூலிகத்தின் வலுவளவு 1 ஆதலால் ஒரு கல்சியத்துக்கு அது இரண்டு வேண்டும், ஒட்சிசன் மொத்தம் 6. கொதிக்கும்போது படையாகும் காபனேற்றில் 3, நீரில் 1, வெளியேறும் காபனீரொட்சைட்டில் 2 என அந்த ஆறும் கணக்கில் வந்துவிடும்.